நாலு எண்ணும் வரை

மூன்று தடவை கொண்டு வந்தான் முனிரத்தினம்,
மூன்று தடவையும் சூடாகவே.
காட்பாடி ஸ்டேஷனில் ஆளை ஏற்றி
ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு
அப்படியே கோணவட்டம் வந்து நிற்பான்.
பானெட்டைத் திறந்தால் அனல்.
நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன்.
இன்ஜெக்டர்கள் டிக்டிக்கென்று தத்தம் வேலையைச் சொல்லின.
செயின் மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல இல்ல, பாய்?" என்றான்
கேள்வியைப் பதில் மாதிரி.

ஸ்கேனர் வேறு சொன்னது:
கிராங்க் ஒரு நேரம் காட்டுகிறது, கேம் ஒரு நேரம்,
ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம்.
சென்சாராகவும் இருக்கலாம். எலி கடித்த வயராகவும் இருக்கலாம்.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிய டிசையர்,
எதையும் மறுக்க முடியாது.
பழுதைப் பெயர் சொல்லிக் கூப்பிட
எனக்குக் காது வேண்டும்,
காதுக்குக் குளிர்ந்த இரும்பு வேண்டும்.

இந்த ஊரில் அது லேசில் கிடைக்காது.
பகலெல்லாம் தின்ற வெயிலை
பாறை மலைகள் இரவெல்லாம் துப்பும்.
ஆடி மாதத்திலும்
விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான்
எஞ்சின் உண்மை பேசும்.

"நாளைக்கு நான் வர்ற வரைக்கும்
சாவியத் தொடாத" என்றேன்.

நாலே காலுக்கு தொரப்பாடி.
மாடியில் வீடு, கீழே வண்டி.
அடியில் படுத்திருந்த நாய்
என்னைப் பார்த்துவிட்டு வேண்டா வெறுப்பாய் எழுந்து போனது.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்தேன்.
ஆயில் கோட்டுக்குக் கீழே. நிறம் தார்.
"எப்ப மாத்துன?"
"எலெக்சன் அப்போ."
எந்த எலெக்சன் என்று கேட்கவில்லை.

சாவியைத் திருப்பினான்.

ஆணி டப்பாவை யாரோ
படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள்.
பிறகு சட்டென்று சீரான ஓட்டம்.

"பாத்தியா, போயிடுச்சு" என்று சிரித்தான்.
போகவில்லை.
ஆயில் மேலே ஏறி வந்து
டென்ஷனரை நெட்டித் தள்ளி
தொய்வை மூடிக்கொண்டது.
வீட்டுச் சண்டை நடுவே விருந்தாளி வந்த மாதிரி.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல்:
"இன்னிக்கு நாலு."

செந்தாமரை.
தலையை முடிந்துகொண்டே சொன்னாள்:
"தெனம் இந்தச் சத்தத்துலதான் நான் எழுந்துக்கறது.
பொங்கலப்போ ஒண்ணு எண்றதுக்குள்ள நின்னுடும்.
சித்திரையில ரெண்டு.
இப்ப நாலு வரைக்கும் கீது.
சொன்னா, வண்டின்னா சத்தம் போடாதாம்பாரு."

ஸ்கேனரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

முனிரத்தினம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"நானும் கேட்டுனுதான் இருந்தேன், பாய்.
சாவி திருப்பும்போது இருமிடுவேன்."

அப்புறம்,
"இன்னிக்கு ஒரு சவாரி மட்டும்?
ஹவுரா வண்டி அஞ்சரைக்கு.
கைக்கொழந்தையோட வர்றாங்க."

செயினுக்குத் தேதி கிடையாது.
இன்னும் பத்தாயிரம் ஓடலாம்.
பாலாற்றுப் பாலத்தின் நடுவில்
ஒரு பல் தாவலாம்.
தாவினால் வால்வும் பிஸ்டனும்
ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.
இதைத்தான் சொன்னேன், குரலை உயர்த்தாமல்.

வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.
பிறகு என் ஆம்னியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மத்தியானம் கவரைக் கழற்றி
பழைய செயினையும் புதுசையும்
பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் தொங்கவிட்டேன்.
பழையது அரை விரல் அகலம் கீழே நின்றது.
"இரும்பு இழுத்துக்குமா?" என்றான்.
இழுக்கவில்லை.
ஒவ்வொரு பின்னும் ஒரு மயிரிழை தேய்ந்திருக்கிறது.
தேய்ந்ததெல்லாம் சேர்ந்து நீளமாகிவிட்டது.

பாதிப் பணம் தந்தான். மீதி புரட்டாசிக்குள்.

எட்டாம் நாள் போன். செந்தாமரை.
"வண்டி இன்னா மாயமோ, சத்தமே இல்லாம கெளம்பிடுது, பாய்.
நான் எழுந்துக்கறதே இல்ல.
ஆறரை ஆயிடுது.
படியில வெச்ச பால் பாக்கெட்ட
பூனை கிழிச்சிட்டுப் போயிடுது."

அதற்கு என்ன ஸ்பேர் போடுவதென்று தெரியாமல்
"சரிம்மா" என்றேன்.